ஊர்ப் பொதுக் கடையும் பல்நோக்கு மையமும் தொடங்க நினைப்பவர்களுக்கு

திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஏறத்தாழ 180 வீடுகள் உள்ளன. இருந்த கடைசிப் பலசரக்குக் கடையும் மூடப்பட்ட பிறகு, கால் கிலோ சீனி வாங்குவதற்குக்கூட அம்பாசமுத்திரம் பேருந்துக்காகக் காத்து நிற்க வேண்டிய நிலை வந்தது. 2022 தை மாதம் ஊர்ச் சாவடியில் கூடி, ஊரே சேர்ந்து ஒரு கடை வைப்பது என்றும், அதே கட்டடத்தில் சான்றிதழ் விண்ணப்பம், நகல் எடுத்தல், மாணவர்கள் படிக்க ஓர் அறை ஆகியவற்றையும் அமைப்பது என்றும் முடிவு செய்தோம். கடை திறந்தது ஆவணியில். இடையில் போன 7 மாதங்களில் பாதிக்கு மேல், ஒரு தாளில் ஒரு பெயரும் மற்றொரு தாளில் வேறொரு பெயருமாக இருந்ததைத் திருத்துவதிலேயே கழிந்தது. கடைக்கு வேண்டிய ஒவ்வொரு தாளும் அதற்கு முந்தைய தாளைக் கேட்கும். முந்தைய தாளில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் அடுத்தது கிடைக்கும். ஆகவே கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கட்டணங்கள் நாங்கள் செலுத்திய 2022, 2023 ஆண்டுகளுக்கு உரியவை. நீங்கள் செலுத்தும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. பணம் வசூலிக்கும் முன் அமைப்பின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

கூட்டம் கூடிய அன்றைக்கே உற்சாகத்தில் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று எடுத்து நீட்டுவார்கள். அன்று வாங்காதீர்கள். பணம் கொடுப்பவர்கள் இலாபத்தில் பங்கு எதிர்பார்க்கிறார்களா, இல்லையா என்ற கேள்வியை முதலில் கூட்டத்தில் வைத்து, வந்த பதிலைத் தீர்மானமாக எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

பங்கு வேண்டாம், மிச்சம் வருவது ஊருக்கே பயன்படட்டும் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 போதும். 7 பேர் இருந்தால் பதியலாம். செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் இலாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தர முடியாது. பங்கும் பங்கு ஆதாயமும் வேண்டும் என்றால் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 இருக்கிறது. அதற்குக் குறைந்தது 25 பேர் வேண்டும். தேர்தலும் தணிக்கையும் அரசு ஏற்பாட்டில் நடக்கும். பதிவுக்கு முன்பே கடை நிலைத்து ஓடும் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். விளைபொருளை விற்பதுதான் முதன்மை நோக்கம் என்றால், விவசாயிகள் 10 பேர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் பதியலாம். பலசரக்குக் கடைக்கு அது பொருந்தி வராது. உங்கள் ஊராட்சியில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு உயிர்ப்போடு இயங்கினால், புதிதாக எதையும் பதியாமல் அதன் பெயரிலேயே கடையை நடத்த முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் அது பெயரளவில்தான் இருந்தது. அதனால் 1975 சட்டத்தின் கீழ்ச் சங்கமாகப் பதிந்தோம். இனி வரும் விவரங்கள் அந்த வழிக்கு உரியவை.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 'இப்போது 5,000 கொடுங்கள், 2 ஆண்டில் வட்டியோடு திருப்பித் தருகிறோம்' என்று சொல்லிப் பணம் திரட்டினால், ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். தீபாவளிச் சீட்டுப் பிடித்து அந்தப் பணத்தைச் சரக்கில் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். பதிவில்லாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். கொடுப்பது சந்தா அல்லது நன்கொடை, திரும்ப வராது என்பதைத் தெளிவாகச் சொல்லி, எண்ணிட்ட ரசீது கொடுத்து வாங்குங்கள். கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்குப் பிரித்த வரியில் மிஞ்சியதைக் கடைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சும் வரும். அதைத் தொடவே கூடாது. கொடைப் பணம் கலந்துவிட்டால், கடையில் நேரும் ஒவ்வொரு பிணக்கும் கொடைக் கூட்டத்தில் வெடிக்கும்.

2. இடத்தை உறுதி செய்யுங்கள்

சங்கப் பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும் என்பதால், பதிவுக்கு முன்பே இடம் கையில் இருக்க வேண்டும். ஊராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ சொந்தமான கட்டடம் வெறுமனே கிடந்தால், தலைவர் வாய்ச் சொல்லாகச் 'சரி' என்பதை நம்பி உள்ளே போகாதீர்கள். கிராம சபையில் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை வாங்குங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கூடுகிறது; ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மாதத்திலிருந்து மூன்றரை மாதம் வரை காத்திருக்க நேரும். ஒன்றியத்துக்குச் சொந்தமான கட்டடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் வேண்டும்.

தனியார் வீட்டை வாடகைக்கு எடுத்தால், பட்டா யார் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரே நாளில் பாருங்கள். நாங்கள் எடுத்த வீட்டில் பட்டா மகன் பெயரிலும், வரி ரசீது தாய் பெயரிலும், மின் இணைப்பு காலமாகிவிட்ட தந்தை பெயரிலும் இருந்தன. மின் இணைப்பைப் பெயர் மாற்றி, வீட்டுக் கட்டண விகிதத்திலிருந்து வணிகக் கட்டண விகிதத்துக்கு மாற்ற 5 வாரம் ஆயிற்று. வீட்டு இணைப்பிலேயே கடையை ஓட்டினால் ஆய்வின்போது அபராதம் விழும். குளிர்பதனப் பெட்டி வைத்திருக்கும் கடையை மறைக்கவும் முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். பலர் 11 மாதத்துக்கு எழுதிக்கொண்டு புதுப்பிப்பதற்கு அதுதான் காரணம். அடுக்குப்பலகை, மேடை என்று செலவு செய்யப்போகிறவர்களுக்கு 11 மாதம் போதாது. நாங்கள் 5 ஆண்டுக்கு எழுதிப் பதிவு செய்தோம்.

இடத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவில் கடை இருக்கிறது என்பதை வைத்தே யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது முடிவாகிவிடுகிறது. இதைப் பேசாமல் விட்டால் அது பொதுக் கடையாக இருக்காது. ஒரு தெருவின் கடையாகிவிடும். எங்களுக்கு ஊர் நடுவில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. ஆனால் கீழத்தெருப் பெண்கள் அந்தத் தெருவழியாக வரத் தயங்குவார்கள் என்று கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து சொன்னார். அதனால் மாதம் 700 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் எடுத்தோம். நிர்வாகக் குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்றும், அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதியிலேயே எழுதிவிட்டோம். நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

3. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

வேண்டியவை: சங்கத்தின் நோக்கங்களைச் சொல்லும் அமைப்புக் குறிப்பு, துணை விதிகள், நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியல், உறுப்பினர் பட்டியல், அனைவரின் ஆதார் நகல், கட்டட உரிமையாளரின் இசைவுக் கடிதத்துடன் வரி ரசீது. இவற்றை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நம் பகுதியில் பாளையங்கோட்டைக்கும் சேரன்மகாதேவிக்கும் தனித்தனிப் பதிவு மாவட்டங்கள் உள்ளன. வருவாய் மாவட்ட எல்லையும் பதிவு மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. உங்கள் ஊர் எதில் சேர்ந்தது என்று அருகிலுள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நான் கேட்காமல் போய் ஒரு நாளை வீணாக்கினேன்.

நோக்கங்களை எழுதும்போது கவனம் வேண்டும். முதல் வரியிலேயே 'பலசரக்குக் கடை நடத்துதல்' என்று எழுதினால், இது வணிகம், சங்கம் ஆகாது என்று திருப்பி அனுப்பப்படும். எங்கள் முதல் மனு அப்படித்தான் திரும்பியது. சமூக சேவை, குடிசைத் தொழில், கல்வி, பொது நலவாழ்வு போன்றவை இச்சட்டம் ஏற்கும் நோக்கங்கள். கிராம மக்களுக்கு அன்றாடப் பொருட்கள் நியாயமான விலையில் கிடைக்கச் செய்வதையும், உள்ளூர்க் கைத்தொழில் பொருட்களை விற்க உதவுவதையும் அந்த நோக்கங்களின் கீழ்ச் சேர்த்து, இலாபம் பிரிக்கப்படாது என்பதைத் தனி விதியாக எழுதினால் சிக்கல் இராது.

பெயர் அரசு அமைப்பு போலத் தோன்றக் கூடாது; ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயராகவும் இருக்கக் கூடாது. மூன்று பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் முடிவானதும் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, செயலாளரும் பொருளாளரும் ஆளுக்கொரு நகலைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவத்தில் கற்ற பாடம். 'நலச் சங்கம்' என்பதைப் பதிவுச் சான்றிதழுக்கு ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதிக் கொடுக்க, பான் அட்டைக்கு மற்றொருவர் வேறு விதமாக எழுதிவிட்டார். ஓர் எழுத்துதான் வேறுபாடு. வங்கி கணக்குத் திறக்க மறுத்துவிட்டது. பான் அட்டையைத் திருத்தி வாங்க 3 வாரம் போயிற்று.

4. பான், வங்கிக் கணக்கு, பணம் வாங்கும் அட்டை

பதிவுச் சான்றிதழ் வந்தவுடன் சங்கத்தின் பெயரில் பான் எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். நாங்கள் செலுத்தியது 107 ரூபாய். அது வந்ததும் நடப்புக் கணக்கு. பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், பான், கணக்குத் திறப்பது பற்றிய குழுத் தீர்மானம், கையெழுத்திடுபவர்களின் ஆதாரும் புகைப்படமும் கேட்பார்கள். மூவரில் யாரேனும் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். இருவரை மட்டும் நியமித்தால், ஒருவர் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போன அன்றே கணக்கு முடங்கிவிடும்.

கைபேசியில் யு.பி.ஐ. வழியாகப் பணம் வாங்க ஒட்டி வைக்கும் கியூ.ஆர். குறியீட்டு அட்டை சங்கக் கணக்கோடு இணைந்ததாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு தாமதமானபோது, தற்காலிகம் என்று சொல்லி, கடையில் உட்காரும் பையனின் சொந்த அட்டையை நாங்கள் ஒட்டி வைத்தோம். 2 மாதத்தில் அவன் கணக்கில் 60,000 ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிட்டது. அவன் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை. முழுவதையும் திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் ஊரில் பேச்சு எழுந்தது, அவன் அழுதுவிட்டான். ஒரு நல்ல பிள்ளையை அந்த நிலையில் நிறுத்தியது எங்கள் தவறு. அட்டை வரும்வரை ரொக்கமாக மட்டும் வாங்குங்கள்.

5. உரிமங்கள்

உணவுப் பாதுகாப்பு: உணவுப் பொருள் விற்கும் எந்தக் கடைக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் பதிவோ உரிமமோ கட்டாயம். நாங்கள் விண்ணப்பித்தபோது, ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் பதிவு. அதற்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். ஆண்டுக்கு 2,000 ரூபாய். 12 இலட்சம் என்பது கேட்கப் பெரிதாகத் தோன்றும். நாளுக்கு 3,300 ரூபாய் விற்றாலே அந்த அளவு வந்துவிடும். நாங்கள் பதிவு எடுத்துத் தொடங்கி, நாலாவது மாதமே உரிமத்துக்கு மாற வேண்டியதாயிற்று. விண்ணப்பம் இணையத்தில்தான், இடைத்தரகரிடம் 1,500 கொடுக்கத் தேவையில்லை.

இத்தோடு மூன்றைச் சேர்த்து நினைவில் வையுங்கள். சில்லறை எண்ணெய்: பாட்டிலைக் கொண்டு வந்து பத்து ரூபாய்க்கு ஊற்றச் சொல்வார்கள், பொதியிடாத சமையல் எண்ணெய் விற்பதற்குத் தடை உண்டு. சிறு பொட்டலங்களை வாங்கி வைத்துச் சமாளியுங்கள். உப்பு: தூத்துக்குடி பக்கத்திலிருந்து மூட்டையாக வரும் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள், சேர்க்காததை உணவுக்கென விற்கக் கூடாது. ரேஷன் அரிசி: மாலை நேரத்தில் யாராவது ஒரு பையோடு வந்து நிற்பார்கள். அவர்கள் வறுமை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனாலும் வாங்கினால் கடையோடு சேர்ந்து சங்கமும் வழக்கில் மாட்டும்.

எடை முத்திரை: தராசும் எடைக்கற்களும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரையிடுவது தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் பொறுப்பு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், தட்டுத் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் 2 ஆண்டுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். புதிதாக வாங்கும்போதே முத்திரைச் சான்று கேட்டு வாங்கி, அதைச் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலேயே மாட்டுங்கள். நாங்கள் தராசின் எண் பலகையை வாங்குபவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்; வாங்க வருபவர்கள் எடையைச் சந்தேகித்து ஒருநாளும் பேசியதில்லை.

ஜி.எஸ்.டி.: பொறி இருப்பது இங்கேதான். பொருள் மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் பல்நோக்கு மையம் நகல் எடுத்துக் கொடுக்கிறது, விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறது, கூடத்தை வாடகைக்கு விடுகிறது, இவையெல்லாம் சேவை. சேவையும் சேர்ந்துவிட்டால் வரம்பு 20 இலட்சமாகக் குறைந்துவிடும். அந்த 20 இலட்சத்தில் வரி இல்லாத காய்கறி, பால் விற்பனையும் கணக்கில் சேரும். நாளுக்கு 5,500 ரூபாய் விற்றால் ஆண்டு முடிவில் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். தாண்டினால், விற்றுமுதலில் ஒரே விகிதத்தில் வரி கட்டும் இணக்க வரித் திட்டத்தைத் (காம்போசிஷன்) தேர்ந்தெடுக்கலாம்: வணிகர்களுக்கு 1 சதவீதம், விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை. அதில் வாங்குபவரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. அடுத்த மாநிலத்துக்கு விற்கக் கூடாது. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு அப்பளமோ கருப்பட்டியோ அனுப்பும் எண்ணம் இருந்தால் இந்தத் திட்டம் உங்களுக்கு ஆகாது.

உரம், பூச்சிமருந்து விற்கச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். இரண்டுக்கும் வேளாண்மைத் துறையின் தனித்தனி உரிமம் வேண்டும்; அதிலும் பூச்சிமருந்தை உணவுப் பொருள் இருக்கும் கட்டடத்தில் வைக்கவே கூடாது. மருந்து மாத்திரையும் வேண்டாம். நெகிழிப் பை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது என்பதால், முதல் நாளிலிருந்தே துணிப்பையும் தாள் பொட்டலமும்தான் என்று பழக்கிவிடுங்கள்.

6. முதலீடும் சரக்கும்

120 குடும்பங்கள் தலைக்கு 2,000 ரூபாய் கொடுத்ததில் 2,40,000 ரூபாய் சேர்ந்தது. பழுதுபார்ப்பு, வெள்ளையடிப்பு, அடுக்குப்பலகைகளுக்கு 46,000. மின்வேலைக்கும் இணைப்பு மாற்றத்துக்கும் 9,500. இரண்டு தராசுகளுக்கு 11,000. குளிர்பதனப் பெட்டிக்கு 24,000. கணினிக்கும் அச்சு இயந்திரத்துக்கும் 38,000. பதிவு, உரிமம், எழுத்துச் செலவுகளுக்கு 12,000. சரக்குக்கு மிஞ்சியது 99,500 ரூபாய்தான். பாதிப் பலகை காலியாக இருக்கும் கடைக்குள் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. கணினியை ஆறு மாதம் கழித்து வாங்கியிருக்க வேண்டும். திரட்டிய பணத்தில் பாதியாவது சரக்கில் இருக்கட்டும்.

சரக்கு எடுக்கும்போது முதல் மூன்று மாதம் 80 பொருளுக்கு மேல் வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, தேயிலை, சோப்பு, தீப்பெட்டி, பள்ளிக்கூட நோட்டு ஆகியவை தினம் நகரும். சீனியிலும் எண்ணெயிலும் கிடைப்பது மிகக் குறைவு. பருப்பு, மசாலா, பலகாரத்தில்தான் கடை நிற்கும். காய்கறியைத் திருநெல்வேலி நயினார்குளம் சந்தையிலிருந்து வாரம் இருமுறை கொண்டு வந்தோம். வண்டிச் செலவு போக மிஞ்சியது அழுகலில் போயிற்று. இப்போது உள்ளூரில் விளையும் கத்திரி, வெண்டை, வாழைக்காய் மட்டும் காலையில் வாங்கி அன்றைக்கே விற்கிறோம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் ஏற்கப்படாது. மொத்த வியாபாரிக்கு எப்போதும் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்.

கருப்பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீனிப்பாகு கலந்தது நிறைய வருகிறது. காய்ச்சுபவரை நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். அதை அரைக் கிலோ பொட்டலமாக நீங்களே கட்டி ஒட்டினால், நீங்கள் பொதியிடுபவர் ஆகிவிடுவீர்கள்: பொருளின் பெயர், நிகர எடை, பொதியிட்ட மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, சங்கத்தின் முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் அச்சிட வேண்டும், பொதியிடத் தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டிப் பதியவும் வேண்டும். வாங்குபவர் கண்ணெதிரே நிறுத்துக் கட்டிக் கொடுப்பதற்கு இது பொருந்தாது.

7. பற்று நோட்டு

கடன் கொடுக்காமல் ஊரில் கடை நடத்த முடியாது. கணக்கில்லாமல் கொடுத்தாலும் நடத்த முடியாது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். கூலி வரும் நாளில் பற்றுத் தீரும், மறுநாள் புதுப் பற்று தொடங்கும். இந்த ஓட்டத்துக்கு ஏற்ப விதி வைத்தோம்: ஒரு வீட்டுக்கு 1,000 ரூபாய் வரை; பழையது தீர்ந்தால்தான் புதிது; குழு உறுப்பினர் வீட்டுக்கும் அதே அளவு. நோட்டு இரண்டு. ஒன்று கடையில், ஒன்று வாங்குபவர் கையில். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதிக் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி ஒருவர், ஒவ்வொரு வரிக்கும் நேராகத் தம் நோட்டில் சாந்துப் பொட்டு ஒன்று வைத்துக்கொள்வார். மாதக் கடைசியில் பொட்டுகளை எண்ணி நம் வரிகளோடு ஒப்பிடுவார். இதுவரை ஒன்றுகூடத் தவறியதில்லை. கொடை மாதத்திலும் பள்ளி திறக்கும் ஜூனிலும் வரம்பை உயர்த்தக் கேட்பார்கள். அதைக் கடையில் இருப்பவர் முடிவு செய்யக் கூடாது. குழு கூடி முடிவு செய்யட்டும்.

இப்போது கடையில் இருவரை மாற்றி மாற்றி வேலைக்கு வைத்திருக்கிறோம், இருவரும் மகளிர் குழுப் பெண்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் போகிறது. அவர்கள் உட்கார இருக்கை வைப்பது சலுகை அல்ல. 2021-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தருவது தமிழ்நாட்டில் கடமை. ஒவ்வொரு மாதக் கடைசி ஞாயிறும் கடையைப் பாதி நாள் மூடி, குழுவில் இருவர் சரக்கை எண்ணுகிறார்கள்.

8. மையத்தின் மற்ற பணிகள்

கடை ஆறு மாதம் தடுமாறாமல் ஓடிய பிறகு இதைத் தொடங்குங்கள். இ-சேவை மையம் நடத்த மாநில அரசு விண்ணப்பம் கோரும் காலத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். 2023-இல் கோரப்பட்டபோது கிராமப் பகுதிக்குக் கட்டணம் 3,000 ரூபாய். 100 சதுர அடி இடம், கணினி, அச்சு இயந்திரம், வருடி (ஸ்கேனர்), கைரேகைக் கருவி, நிலையான இணைய இணைப்பு இருக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்கு அரசு வைத்த கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. கட்டணப் பட்டியலை வாசலில் எழுதி வைத்தால் கேள்வியே எழாது. மக்களின் ஆதார் நகலும் அவர்கள் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணும் (ஓ.டி.பி.) நம் கையில் வந்து போகின்றன. வேலை முடிந்ததும் நகலைத் திருப்பிக் கொடுங்கள், கணினியிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

இதில் பெரிய வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். மே, ஜூன் மாதங்களில் சான்றிதழுக்குக் கூட்டம் வரும்; மற்ற மாதங்களில் நாளுக்கு நாலைந்து பேர். ஆனால் விண்ணப்பிக்க வந்தவர் அப்படியே அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிப் போவார். படிப்பறைக்கு நாளிதழ் இரண்டும், போட்டித் தேர்வு நூல்களும், நல்ல விளக்கும், மின்விசிறியும் போதும். இரவு 9 மணி வரை திறந்திருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார்கள் வெளித் திண்ணையில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டே காத்திருப்பார்கள்.

9. வெள்ளமும் காப்பீடும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்ப்பலகையில் இருந்த சீனி மூட்டைகள் கரைந்து வெறும் சாக்காகக் கிடந்தன. அரிசி இரண்டாம் நாளே புளித்து நாறியது. நாற்றம் பொறுக்காமல் எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டோம். காப்பீட்டு ஆய்வாளர் நான்காம் நாள் வந்து, சரக்கு எங்கே என்று கேட்டார். காட்ட ஒன்றும் இல்லை. இருப்புப் பதிவேடும் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், காப்பீடு அறைகலனுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும்தான், சரக்குக்கு இல்லை.

ஆகவே கடைக்கென உள்ள 'கடைக்காரர் காப்பீடு' எடுக்கும்போது சரக்கு என்ற சொல்லும், வெள்ளம் என்ற சொல்லும் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே வாசியுங்கள். மாதம் எண்ணிய சரக்குப் பட்டியலைப் படமெடுத்துக் குழுவினர் மூவரின் கைபேசியில் வையுங்கள். சேதம் நேர்ந்தால் அன்றே தகவல் சொல்லி, படமும் காணொளியும் எடுத்து, ஆய்வாளர் வரும்வரை கெட்ட சரக்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஆற்றங்கரை ஊர், குளத்துக்குக் கீழுள்ள ஊர் என்றால் சரக்கு வைக்கும் கிட்டங்கியின் தரையை மூன்றடி உயர மேடையாகக் கட்டுங்கள். எங்களுக்கு அது 18,000 ரூபாயில் முடிந்தது. வெள்ளத்தில் போன சரக்கு அதைப் போல மூன்று மடங்கு.

10. ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சரக்கு, ரொக்கம், பற்று மூன்றையும் எண்ணி முடித்துப் பட்டயக் கணக்காளரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூலையில் கொடுத்தால் அவர்களுக்கு நேரம் இருக்காது, கட்டணமும் கூடும். இலாபம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவை வாசித்து, உறுப்பினர் பட்டியலோடு மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும்; நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நாங்கள் இதை ஆவணி மாதம், கடை திறந்த நாளை ஒட்டிச் செய்துவிடுகிறோம். உணவு உரிமம், தராசு முத்திரை, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கும் முடியும் தேதிகளை, கல்லாவுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் ஒரு மாதம் முன்பாகவே சிவப்பு மையில் குறித்து வையுங்கள். குறிப்பது பொருளாளரின் வேலை, பார்ப்பது கடையில் அன்று யார் இருக்கிறார்களோ அவர்களின் வேலை.